கையில் சமித்து, மனத்தில் சத்தியம்

புதிய கல்வியாண்டு நம் நாட்டில் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. வட மாநிலங்களின் பள்ளிகள் பலவற்றில் ஏப்ரல் மாதத்திலேயே புதிய வகுப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. தென் மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. மாதம் எதுவானாலும் வீடுகளில் காணப்படும் பரபரப்பு ஒன்றுதான். சீருடைக்கு அளவு கொடுக்கிறார்கள். சென்ற ஆண்டின் காலணி கடிக்கிறது என்று குழந்தை சொல்கிறது. நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். தண்ணீர்ப் புட்டி, உணவு டப்பா, பென்சில் பெட்டி, புத்தகப்பை என்று நீளும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் எதைக் குறைத்து எதை வாங்குவது என்று தந்தையும் தாயும் கணக்குப் போடுகிறார்கள்.

இவை யாவும் தேவையானவையே. குழந்தை கிழியாத சட்டையோடும் பசியாத வயிற்றோடும் வகுப்பில் அமர வேண்டும் என்று பெற்றோர் படும் பாடு புனிதமானது. ஆனால் பட்டியலில் உள்ள பொருள்கள் அனைத்தையும் வாங்கி முடித்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. புத்தகப்பை தயாராகிவிட்டது, அதைச் சுமக்கப் போகும் குழந்தை தயாராகிவிட்டதா?

இந்தக் கேள்வி இன்று பிறந்தது அன்று. நமது உபநிஷதங்கள் இதைப் பன்முறை எழுப்பி, அழகிய கதைகளின் மூலம் விடையும் தந்துள்ளன.

அன்றைய மாணவனின் கைச்சுமை

பழங்காலத்தில் குருவை நாடிச் சென்ற மாணவனின் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. வேள்வித் தீயில் இடுவதற்குரிய சமித்து என்னும் சிறிய விறகுக் கட்டு மட்டுமே இருந்தது. 'சமித்பாணி', அதாவது சமித்தைக் கையில் ஏந்தியவன், என்றே அவனை உபநிஷதங்கள் குறிப்பிடுகின்றன.

விறகைக் காட்டில் யாரும் பொறுக்கலாம், அதற்கு விலையில்லை. ஆயினும் அதில் மூன்று பொருள்கள் அடங்கியிருந்தன. குருவின் இல்லத்தில் எரியும் நெருப்பைக் காக்கத் தானும் உழைக்கச் சித்தமாயிருப்பதாக மாணவன் அதன்மூலம் அறிவித்தான். 'பெற்றுச் செல்ல மட்டும் வரவில்லை, கொடுக்கவும் வந்திருக்கிறேன்' என்று கூறாமல் கூறினான். உலர்ந்த விறகு தீயைச் சட்டென்று பற்றிக்கொள்வது போல, அறிவைப் பற்றிக்கொள்ளத் தன் மனமும் ஆயத்தமாக இருப்பதை உணர்த்தினான். ஈர விறகு புகையுமே தவிர எரியாது. அச்சம், பொய், கர்வம் ஆகியவற்றின் ஈரம் உலராத மனமும் அத்தகையதே.

பிரச்ன உபநிஷதத்தின் தொடக்கத்தில் ஆறு பேர் சமித்துடன் பிப்பலாத முனிவரிடம் செல்கின்றனர். அறுவரும் கற்றவர்கள், உயர்ந்த தத்துவத்தை அறியும் வேட்கை உடையவர்கள். பிப்பலாதர் உடனே உபதேசம் தொடங்கவில்லை. தவம், பிரம்மசரியம், சிரத்தை ஆகியவற்றுடன் மேலும் ஓராண்டு தம்மோடு தங்கியிருக்குமாறும், அதன்பின் விரும்பியதைக் கேட்கலாம் என்றும் கூறுகிறார். தமக்குத் தெரிந்திருந்தால் அனைத்தையும் சொல்வதாக வாக்களிக்கிறார். 'தெரிந்திருந்தால்' என்பதில் அந்த ஆசிரியரின் பணிவையும் காண்கிறோம். ஏற்கெனவே கற்றவர்களுக்கே ஓராண்டு ஆயத்தம் தேவைப்பட்டது என்றால், முதன்முறையாகப் பள்ளிப்படி ஏறும் குழந்தைக்கு அது வேண்டாமா?

நம் நாட்டின் கல்விக் கொள்கையும் இன்று இதை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியிலான மூன்று மாத ஆயத்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதையொட்டி 2021இல் 'வித்யா பிரவேஷ்' என்ற திட்டம் அறிமுகமானது. எழுத்தும் எண்ணும் திணிக்கப்படுவதற்கு முன் குழந்தையின் மனம் பள்ளியோடு இணங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் பள்ளி தரும் மூன்று மாதப் பயிற்சிக்கு முன்பே வீட்டில் நடக்க வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. அதைச் செய்து காட்டிய ஒரு தாயைச் சாந்தோக்கிய உபநிஷதம் நமக்கு அறிமுகப்படுத்துகிறது.

ஒரு தாய் தந்த சீர்

சத்தியகாமன் என்ற சிறுவன் குருகுலம் செல்ல விரும்பினான். குரு கோத்திரத்தைக் கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே தாய் ஜபாலாவிடம் சென்று தன் கோத்திரம் எது என்று கேட்டான். அந்தத் தாய் தடுமாறவில்லை. இளமையில் பல இடங்களில் பணி செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவனுடைய கோத்திரம் எதுவென்று தனக்குத் தெரியாது என்றும் உள்ளபடி கூறினாள். தன் பெயர் ஜபாலா, அவன் பெயர் சத்தியகாமன். ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த நாளை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். குலப்பெருமை பேசப்பட்ட ஒரு சமுதாயத்தில், மகனின் எதிர்காலம் ஒரே ஒரு விடையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதேனும் ஒரு கோத்திரத்தின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் யாரும் சோதித்திருக்கப் போவதில்லை. 'பள்ளியில் சேர்வதற்காக ஒரு சிறு பொய்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள அவளுக்கும் வழி இருந்தது. அவள் அவ்வாறு செய்யவில்லை. தன்னைப் பற்றிய உண்மையை மகனிடம் சொல்ல அவள் கூசவில்லை. அதனால் அந்த உண்மையைக் குருவிடம் சொல்ல மகனும் கூசவில்லை.

சத்தியகாமன் ஹாரித்ருமத கௌதமரிடம் சென்றான். எதிர்பார்த்தபடியே அவர் கோத்திரத்தைக் கேட்டார். தாய் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அவன் சொன்னான். உண்மையிலிருந்து வழுவாத அந்தச் சிறுவனைக் கண்டு கௌதமர் மகிழ்ந்தார். சமித்தைக் கொண்டு வா என்று பணித்து, அவனை மாணவனாக ஏற்றார். குலம் என்ன என்ற கேள்விக்குச் சத்தியமே அவனது விடையாயிற்று.

ஜபாலாவின் வீட்டில் செல்வம் இருந்ததாக உபநிஷதம் கூறவில்லை. மகனுக்கு அவள் கொடுத்தனுப்பிய சீர் ஒன்றே ஒன்று: மறைக்க எதுவும் இல்லாத மனம். அந்தச் சீருடன் சென்றவன் பின்னர் குருவின் நானூறு மெலிந்த பசுக்களை மேய்த்துச் சென்று, அவை ஆயிரமாகப் பெருகும்வரை காத்திருந்தான். எருதிடமிருந்தும் நெருப்பிடமிருந்தும் அன்னத்திடமிருந்தும் நீர்ப்பறவையிடமிருந்தும் பிரம்மத்தைப் பற்றிய உபதேசத்தைப் பெற்றான். மறைப்பதில் மனத்தின் ஆற்றலைச் செலவிடாதவனுக்கு உலகம் முழுவதும் ஆசிரியராகிறது.

அச்சம் புகும் வாயில்

இன்றைய வீட்டுக்கு வருவோம். பள்ளி திறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்னரே குழந்தையின் காதில் விழும் சொற்கள் எவை? 'இந்த ஆண்டாவது ஒழுங்காகப் படி.' 'உன் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்.' 'புது டீச்சர் மிகவும் கண்டிப்பானவர். இனி உன் குறும்பெல்லாம் செல்லாது.' 'இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், மறந்துவிடாதே.' இச்சொற்களில் ஒன்றுகூடத் தீய எண்ணத்துடன் சொல்லப்படுவதில்லை. ஆயினும் இவை ஒவ்வொன்றும் விறகின்மேல் தெளிக்கப்படும் நீராகிறது. 'என் மதிப்பு என் மதிப்பெண்ணில் இருக்கிறது. அது குறைந்தால் இந்த வீட்டில் நானும் குறைந்துவிடுவேன்' என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது.

அன்றிலிருந்து அது மறைக்கத் தொடங்குகிறது. முதலில் வகுப்புத் தேர்வின் விடைத்தாளைப் பையின் அடியில் ஒளித்து வைக்கிறது. பிறகு ஆசிரியர் கண்டித்ததைச் சொல்லாமல் விடுகிறது. உடன் படிப்பவர்கள் செய்யும் கேலியையும் தொல்லையையும் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. குழந்தை பொய் சொல்கிறது என்று பெற்றோர் வருந்துகின்றனர். அந்தப் பொய்க்கு வித்திட்டது அச்சம் என்பதும், அந்த அச்சம் வீட்டின் வாயில் வழியாகவே உள்ளே வந்தது என்பதும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இது சிறிய விஷயம் அன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். காரணங்கள் பல; எல்லாவற்றையும் தேர்வின்மீது சுமத்திவிட முடியாது. ஆனால் தன் துயரத்தை அஞ்சாமல் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் மீண்டிருப்பார்கள் என்ற எண்ணம் நெஞ்சை உலுக்குகிறது. பிள்ளையின் பேச்சிலும் உறக்கத்திலும் உணவிலும் மாறுதல் கண்டால் பெற்றோர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். தேவையானால் மருத்துவரின் துணையை நாடத் தயங்கலாகாது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வேதாந்தம் இங்கே வெறும் தத்துவமாக நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்து பணி செய்கிறது. ஒவ்வோர் உயிரிலும் உறைவது அழிவற்ற ஆன்மா என்பது நமது சமயத்தின் அடிப்படை. அது முதல் இடம் பெறுவதால் வளர்வதும் இல்லை, கடைசி இடம் பெறுவதால் தேய்வதும் இல்லை. மதிப்பெண் குழந்தையின் ஓர் உழைப்பை அளக்கிறது, குழந்தையை அளப்பதில்லை. இந்த உண்மையைச் சொற்பொழிவாக அன்றி, முகக்குறிப்பால், குரலால், விடைத்தாளை வாங்கிப் பார்க்கும் விதத்தால் குழந்தைக்கு உணர்த்துவதே பெற்றோர் செய்யக்கூடிய வேதாந்தப் பயிற்சி. உழைப்பில் குறையிருந்தால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிப்பு குறையைத் தொட வேண்டுமே தவிர, குழந்தையின் இருப்பைத் தொடக்கூடாது.

புவனேஸ்வரி தேவியின் துணை

சுவாமி விவேகானந்தர் நரேந்திரன் என்ற சிறுவனாகக் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த நிகழ்ச்சி அவருடைய வரலாற்றில் பதிவாகியுள்ளது. பூகோள வகுப்பில் அவன் சொன்ன விடை தவறு என்று ஆசிரியர் கருதினார். தான் சொன்னது சரியே என்று நரேந்திரன் உறுதியாக நின்றான். ஆசிரியர் கோபமுற்றுக் கையை நீட்டச் சொல்லி அடித்தார். அழுதுகொண்டு வீடு திரும்பிய மகன் தாய் புவனேஸ்வரி தேவியிடம் நடந்ததைக் கூறினான்.

அந்தத் தாய் ஆசிரியரைத் தூற்றவில்லை. 'எதற்கு எதிர்த்துப் பேசினாய்' என்று மகனையும் அடக்கவில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தால் பட்ட அடியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும், விளைவு எதுவானாலும் உண்மையைக் கைவிடலாகாது என்றும் எடுத்துரைத்துத் தேற்றினார். மறுநாள் அவன் அதே பள்ளிக்குச் சென்றான். கசப்புடன் அன்று, தெம்புடன் சென்றான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அடிபட்ட சிறுவன் நேராகத் தாயிடம் ஓடி வந்தான், மறைக்கவில்லை. சொன்னால் வீட்டில் இன்னோர் அடி விழும் என்ற அச்சம் அவனுக்கு இல்லை. பின்னாளில் பாரதம் முழுவதும் முழங்கிய அஞ்சாமையின் உபதேசத்திற்கு விதை அந்த வீட்டின் முற்றத்திலேயே விழுந்திருந்தது. உலகமே போற்றிய நாளிலும் தம் தாய்க்குத் தாம் பட்ட கடனை சுவாமிஜி மறக்கவில்லை.

வழிநடையில் ஒரு பள்ளிக்கூடம்

அச்சமற்ற மனம் கேள்வி கேட்கும். கேள்வி கேட்கும் குழந்தைக்குப் பெற்றோர் தர வேண்டியது நேரம். இதற்கு வங்காளத்திலிருந்தே இன்னொரு சான்று உண்டு.

பண்டித ஈசுவர சந்திர வித்யாசாகர் 1820ஆம் ஆண்டு வீர்சிங்க கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் தந்தை தாகுர்தாசுடன் மேற்படிப்புக்காகக் கால்நடையாகக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். வழியோரத்தில் நடப்பட்டிருந்த கல்லைக் கண்டு, சாலையில் ஏன் அம்மிக்கல்லைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று தந்தையிடம் கேட்டான் சிறுவன். தந்தை சிரித்துவிட்டு, அது அம்மி அன்று, தூரத்தைக் குறிக்கும் மைல்கல் என்றும், அதில் பொறிக்கப்பட்டிருப்பது ஆங்கில எண் என்றும் விளக்கினார். முதலில் கண்ட கல்லில் இருந்த எண் 19. ஊர் நெருங்க நெருங்க எண் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டே நடந்த சிறுவன், பயணம் முடிவதற்குள் ஆங்கில எண்களை எல்லாம் கற்றுக்கொண்டான்.

மகன் உண்மையிலேயே கற்றானா, ஊகித்துச் சொல்கிறானா என்று சோதிக்க எண்ணிய தந்தை, ஆறாவது கல்லை அவன் காணாதபடி கடத்திக் கூட்டிச் சென்று, ஐந்தாவது கல்லைக் காட்டி எண் என்னவென்று கேட்டார். இங்கே ஆறு இருக்க வேண்டும், தவறுதலாக ஐந்து என்று பொறித்துவிட்டார்கள் என்றான் சிறுவன். தந்தை பெருமகிழ்ச்சி அடைந்தார். அடுத்த ஆண்டு அவன் கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தான். வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கற்ற 'வர்ண பரிசயம்' என்ற பாடநூலை 1855இல் எழுதியவர் அதே வித்யாசாகர்தான்.

தாகுர்தாஸ் சொற்ப வருவாயில் குடும்பம் நடத்தியவர். வண்டி வைத்து அழைத்துச் செல்ல அவரிடம் வசதி இல்லை. ஆனால் மகனின் கேள்வியைச் 'சும்மா வா' என்று அவர் தட்டிவிடவில்லை. அந்த நடையே மகனுக்குக் கிடைத்த முதல் வகுப்பாயிற்று. விலையுயர்ந்த பொருள்களை வாங்கித் தர முடியவில்லையே என்று ஏங்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளலாம். பள்ளிக்குக் கூட்டிச் செல்லும் வழியில், பேருந்துக்காக நிற்கும் பத்து நிமிடத்தில், கைப்பேசியை எடுத்துப் பார்க்காமல் குழந்தையின் கேள்விக்குச் செவி கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

நமது முன்னோர் வைத்த சடங்கிலும் இதே கருத்து பொதிந்துள்ளது. வங்காளத்தில் சரஸ்வதி பூஜையன்று 'ஹாதே கொடி' என்ற பெயரில் குழந்தையின் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் பலகையில் முதல் எழுத்தை எழுதுவிக்கின்றனர். கேரளத்தில் விஜயதசமியன்று பெரியவர் மடியில் குழந்தையை அமர்த்தி, அதன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்கின்றனர். தெலங்கானாவில் கோதாவரிக் கரையிலுள்ள பாசர ஞான சரஸ்வதி ஆலயத்திற்கு இதற்காகவே குடும்பங்கள் வருகின்றன. எல்லா இடங்களிலும் முதல் எழுத்து பெரியவரின் அரவணைப்பில்தான் எழுதப்படுகிறது. கல்வியின் முதல் அனுபவம் அச்சமாக அன்றி அன்பாக இருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

புதிய கோத்திரக் கேள்வி

கௌதமர் கேட்ட கோத்திரக் கேள்வி இன்று மறைந்துவிட்டதாக எண்ணிவிடக்கூடாது. வகுப்பறையில் குழந்தைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில் அது வேறு உருவில் வாழ்கிறது. 'உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?' 'உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா?' 'உன் பை எந்தக் கடையில் வாங்கியது?' கேட்கும் குழந்தை இதைத் தானாகக் கற்கவில்லை. பெரியவர்களின் பேச்சிலிருந்து பொறுக்கிக்கொண்டது.

2009இல் இயற்றப்பட்டு 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்கவும் வழி செய்தது. சட்டம் இரு குழந்தைகளை ஒரே பெஞ்சில் அமர்த்தலாம். அவர்களை ஒரே டப்பாவிலிருந்து உண்ணச் செய்வது சட்டத்தின் கையில் இல்லை; வீட்டில் கிடைக்கும் பயிற்சியின் கையில் இருக்கிறது.

ஆகவே பள்ளி திறப்பதற்கு முன் இரு வகைக் குழந்தைகளையும் தயார் செய்ய வேண்டும். எளிய வீட்டுக் குழந்தை, தன் தந்தையின் தொழிலைத் தலை நிமிர்ந்து சொல்லும் துணிவைப் பெற வேண்டும். பெற்றோர் தம் தொழிலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசினால் அந்தத் துணிவு தானே வரும்; ஜபாலா காட்டிய வழி அது. வசதியான வீட்டுக் குழந்தை, இத்தகைய கேள்விகளைக் கேளாதிருக்கும் பண்பைப் பெற வேண்டும். கௌதமர் விடையைக் கேட்டபின் குலத்தைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அக்குழந்தைக்குத் தர வேண்டும்.

கல்வி மறுக்கப்படுவதன் வலியை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் நேரில் அறிந்தவர். இளமையில் அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றபோது, பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று உறவினர் ஒருவர் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்துவிட்டார். பின்னர் தட்சிணேஸ்வரத்தில், கங்கையில் நீராட வந்த ஒரு சிறுமியிடம் அன்னை படிக்கக் கற்றுக்கொண்டார். அதற்குக் கைம்மாறாக, தோட்டத்திலிருந்து தமக்கு வரும் கீரையை அச்சிறுமிக்குக் கொடுத்தார். சமித்தின் தத்துவம் அந்தக் கீரைக் கட்டில் ஒளிர்வதைக் காண்கிறோம். புத்தகம் பறிக்கப்பட்ட அதே அன்னைதான், 1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், காளி பூஜையன்று, கல்கத்தா பாக்பஜாரில் சகோதரி நிவேதிதை தொடங்கிய பெண்கள் பள்ளியைப் பூஜை செய்து ஆசீர்வதித்தார். தமக்கு எளிதில் கிட்டாத ஒன்று பிற குழந்தைகளுக்குக் கிட்ட வேண்டும் என்ற கருணையே உண்மையான கல்வியின் அடையாளம்.

பள்ளி திறக்கும் முன்

இந்த ஆயத்தத்தைச் சில எளிய செயல்களாக வீட்டில் தொடங்கலாம்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே குழந்தை உறங்கி எழும் நேரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவரலாம். முதல் நாள் காலையில் அரட்டி எழுப்பி, அழுகையுடன் அனுப்புவதைத் தவிர்க்க இது உதவும். எழுந்தவுடன் இரண்டு நிமிடம் இறைவனை நினைத்து அமைதியாக அமரப் பழக்கலாம். மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி அங்கிருந்தே தொடங்குகிறது.

புத்தகப்பையைக் குழந்தையே அடுக்கட்டும். அட்டை போடுவதும், பெயர் எழுதுவதும், காலணியைத் துடைப்பதும் அதன் வேலையாக இருக்கட்டும். அட்டை சற்றுக் கோணலாக அமைந்தால் அமையட்டும். விறகைத் தானே பொறுக்கிச் சென்ற மாணவனின் பெருமிதம் அக்குழந்தைக்கும் கிடைக்கும். பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் புத்தகப்பைக் கொள்கை கூறுகிறது. அன்றைய பாடத்திற்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்லப் பழகுவதும் ஒரு விவேகப் பயிற்சியே.

சென்ற ஆண்டின் நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்துத் தைத்துக் கணக்குப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். முடித்துவிட்ட பாடப் புத்தகங்களைக் கிழியாமல் துடைத்து, அடுத்து அந்த வகுப்புக்கு வரும் ஒரு குழந்தைக்குத் தன் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். புதிய பொருள்கள் வாங்கும்போது, இயன்றவர்கள் இன்னொரு குழந்தைக்கும் சேர்த்து ஒரு நோட்டாவது வாங்கலாம். கொடுத்ததைக் குழந்தை வெளியில் சொல்லிக்கொள்ளாமல் இருக்கக் கற்பிப்பது அதனினும் சிறந்தது.

ஆசிரியரைப் பற்றிக் குழந்தையின் முன் மரியாதையோடு மட்டுமே பேச வேண்டும். குறையிருந்தால் நேரில் சென்று ஆசிரியரிடம் பேசுவதே முறை. பள்ளிக்குப் புறப்படும்முன் வீட்டுப் பெரியவர்களை வணங்கிச் செல்லும் பழக்கம் மீண்டும் தழைக்கட்டும். வணங்கும் குழந்தைக்கு அவர்கள் தரும் ஆசியில் 'முதல் மதிப்பெண் வாங்கு' என்பதை விட 'நல்ல பிள்ளையாக இரு, எது நடந்தாலும் வந்து சொல்' என்பது இடம் பெறட்டும்.

மாலையில் கேட்க வேண்டிய கேள்வி

சாந்தோக்கிய உபநிஷதத்தில் இன்னொரு மாணவனும் இருக்கிறான். உத்தாலக ஆருணியின் மகன் சுவேதகேது பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று, இருபத்து நான்காம் வயதில் வேதங்கள் அனைத்தையும் கற்றுத் திரும்பினான். எல்லாம் தெரியும் என்ற செருக்கு அவன் நடையிலேயே தெரிந்தது. இன்றைய வீடாக இருந்தால் உறவினர்களை அழைத்து விருந்து வைத்திருப்பார்கள். தந்தை உத்தாலகரோ மகனின் முகத்தைப் பார்த்தார். கல்வி நிறைந்திருந்தும் பணிவு வரவில்லை என்பதைக் கண்டுகொண்டார். எதை அறிந்தால் கேளாததும் கேட்டதாகுமோ, அறியாததும் அறிந்ததாகுமோ, அதைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டாயா என்று வினவினார். மகனின் செருக்கு அந்த ஒரு கேள்வியில் கரைந்தது. ஆலம்பழத்தின் நுண்ணிய விதையைப் பிளக்கச் செய்தும், நீரில் உப்பைக் கரைக்கச் செய்தும், எங்கும் நிறைந்த மெய்ப்பொருளை அந்தத் தந்தையே மகனுக்கு உணர்த்தினார்.

சத்தியகாமனின் தாய் அனுப்பும்போது செய்ததை, சுவேதகேதுவின் தந்தை திரும்பி வந்தபோது செய்தார். முன்னவள் அச்சத்தை நீக்கி அனுப்பினாள். பின்னவர் கர்வத்தை நீக்கி ஏற்றுக்கொண்டார். பள்ளிக்குச் செல்லும் குழந்தையைச் சூழும் ஆபத்துகள் இவை இரண்டுமே. ஒன்று, தோல்வியில் தன்னைத் தாழ்வாக எண்ணுவது. மற்றொன்று, வெற்றியில் பிறரைத் தாழ்வாக எண்ணுவது. இரண்டுக்கும் மருந்து வீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே மாலையில் குழந்தை வீடு திரும்பும்போது, முதல் கேள்வி 'இன்று எத்தனை மதிப்பெண்?' என்பதாக இருக்க வேண்டியதில்லை. 'இன்று என்ன கேள்வி கேட்டாய்? யாருக்கு உதவினாய்? உனக்கு வருத்தம் தந்தது ஏதேனும் உண்டா?' என்று கேட்கலாம். விடைக்குக் காத்திருக்கவும் வேண்டும். முதல் வாரம் 'ஒன்றுமில்லை' என்ற பதிலே வரலாம். அன்போடு கேட்பது தொடருமானால், என்றோ ஒரு நாள் குழந்தை பையை இறக்கி வைத்துவிட்டு, தானே வந்து அருகில் அமரும். அன்று அது சொல்லப்போகும் உண்மை கசப்பானதாக இருக்கலாம். மதிப்பெண் குறைந்த விடைத்தாளாகவும் இருக்கலாம். அந்தக் கணத்தில் தாயும் தந்தையும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டால், ஜபாலா தன் மகனுக்குத் தந்த அதே சீரை அவர்களும் தந்துவிட்டார்கள்.

புதிய வகுப்பில் அடியெடுத்து வைக்கும் நம் நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் கலைமகளின் அருள் கிட்டுமாக! அவர்கள் கையில் உழைப்பும், நெஞ்சில் சத்தியமும், கண்ணில் அஞ்சாமையும் நிலைத்திருக்குமாக! அவர்களை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோருக்கு, கேட்கும் செவியையும் பொறுக்கும் உள்ளத்தையும் அன்னை பராசக்தி அருள்வாளாக!